சொந்தச் சேவையகமும் மறக்கப்படும் அமைவுக் கோப்புகளும்

2021 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 4 ஆம் திகதி இலங்கை நேரப்படி இரவு ஒன்பது மணியளவில் பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் ஆகிய மூன்று சேவைகளும் உலகெங்கும் ஒரே வேளையில் செயலிழந்தன. ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்கள் நீடித்த அந்த முடக்கத்தின்போது, இது இணையத் தாக்குதலாக இருக்கலாம் என்ற ஐயமே பலரிடமும் எழுந்தது. ஆனால், அந்த நிறுவனம் பின்னர் அளித்த விளக்கம் வேறாக இருந்தது. அதன் தரவு மையங்களை இணைக்கும் முதன்மை வலையமைப்புச் சாதனங்களின் அமைவில் செய்யப்பட்ட தவறான மாற்றமே அனைத்துக்கும் காரணமாகும். அதனைச் சரிசெய்ய வேண்டிய பொறியியலாளர்கள் பயன்படுத்தும் உட்கருவிகளும் அதே வலையமைப்பையே நம்பியிருந்தமையால், பழுதைத் திருத்தும் பணியும் தாமதமடைந்தது.

2024 ஆம் ஆண்டு ஜூலை 19 ஆம் திகதி நிகழ்ந்ததும் இத்தகையதே. கிரவுட்ஸ்ட்ரைக் எனும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு சிறு அமைவுக் கோப்பினால், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமான சேவைகளும் வைத்தியசாலைகளும் வங்கிகளும் பாதிக்கப்பட்டன.

பெரும் நிறுவனங்களைத் தடுமாறச் செய்யும் இந்த அமைவுக் கோப்புகள் யாவை? நம்மைப் போன்ற சாதாரண பாவனையாளர்களும், சொந்தமாக ஒரு சிறு சேவையகத்தை வைத்திருக்கும் பாடசாலைகளும் வாசிகசாலைகளும் சிறு அலுவலகங்களும் அவற்றைக் குறித்து ஏன் கவலைப்பட வேண்டும்? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவுக் கொப்பி

ஊரிலுள்ள ஒரு தையற்கடையை எண்ணிப் பார்ப்போம். தையல் இயந்திரம் பழுதடைந்தால் வேறொன்றை வாங்கலாம். துணியையும் நூலையும் மீண்டும் கொள்வனவு செய்யலாம். ஆனால், வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் அளவுகளையும் குறித்து வைத்திருந்த கொப்பி தொலைந்துபோனால், அதனைக் கடையில் வாங்க முடியாது. ஒவ்வொருவரையும் மீண்டும் அழைத்து அளவெடுக்க வேண்டும்.

கணினியிலும் நிலைமை இதுவேயாகும். மென்பொருள் என்பது இயந்திரம். அதனை எவரும் மீண்டும் தரவிறக்கம் செய்துகொள்ளலாம். நாம் உருவாக்கும் ஆவணங்களும் புகைப்படங்களும் தரவு. அவற்றின் பெறுமதியை இன்று பலரும் உணர்ந்திருக்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையில், குறித்த மென்பொருள் குறித்த இடத்தில் எவ்வாறு இயங்க வேண்டும் என்பதைக் கூறும் சிறு சிறு எழுத்துக் கோப்புகள் உள்ளன. தரவு எந்தக் கோப்புறையில் இருக்கிறது, எவர் எதனைப் பார்க்கலாம், எந்த நேரத்தில் காப்புப் பிரதி எடுக்கப்பட வேண்டும், எந்த எழுத்துமுறையில் சேமிக்கப்பட வேண்டும் என்பன போன்ற முடிவுகள் அவற்றில் பதிந்துள்ளன. இவையே அமைவுக் கோப்புகள். அளவில் சில கிலோபைட்டுகளுக்கு மேற்படாத இவற்றில், பல மாதங்களாகத் தட்டித் தடவிக் கண்டறிந்த அனுபவ அறிவு அடங்கியிருக்கிறது. கணினி உலகின் அளவுக் கொப்பி இதுவே.

இவற்றின் வரலாறும் சுவையானது. 1960 களில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவகத்தில் இயங்கிய கணினியில், கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து ஒரே தடவையில் நிறைவேற்றும் வசதியொன்று இருந்தது. 'ரன்கொம்' எனப்பட்ட அதன் பெயரின் சுருக்கமே, இன்றும் பல அமைவுக் கோப்புகளின் பெயர்களின் ஈற்றில் காணப்படும் 'ஆர்.சி.' எனும் இரண்டு எழுத்துகளாகும். 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோரின் முயற்சியால் தோன்றிய யுனிக்ஸ் இயங்குதளத்தில் மற்றொரு வழக்கம் உருவானது. ஒவ்வொரு கோப்புறையிலும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி எனும் பெயர்களில் இரண்டு உட்பதிவுகள் இருந்தன. அவற்றைப் பட்டியலில் காட்டாமல் விடுவதற்காக, புள்ளியில் தொடங்கும் எந்தப் பெயரையும் தவிர்த்துவிடும்படி நிரல் எழுதப்பட்டது. அந்தச் சுருக்கு வழியின் விளைவாக, பெயரின் முன் புள்ளியிட்ட கோப்புகள் யாவும் கண்ணுக்குத் தெரியாதவையாகின. பிற்காலத்தில் மென்பொருளாளர்கள் தமது அமைவுக் கோப்புகளை இவ்வாறு புள்ளியிட்டு மறைத்து வைக்கலாயினர். இது திட்டமிட்ட வசதியன்று, ஒரு தவறின் விளைவே என யுனிக்ஸ் அணியைச் சேர்ந்த ரொப் பைக் 2012 ஆம் ஆண்டில் எழுதியிருந்தார்.

கண்ணுக்குத் தெரியாத கோப்பு காப்புப் பிரதியிலும் விடுபட்டுப்போவது இயல்பே. முக்கியமானவற்றைப் பிரதி எடுத்துவிட்டோம் என எண்ணியிருப்பவர், புள்ளியிட்ட கோப்புகள் விடுபட்டிருப்பதைக் கணினி பழுதடைந்த பின்னரே அறிந்துகொள்கிறார்.

ஏன் சொந்தச் சேவையகம்?

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சேவைகள் இருக்கும்போது, சொந்தமாகச் சேவையகம் எதற்கு என்ற வினா நியாயமானதே. இலவசமாகக் கிடைப்பது நிரந்தரமாகக் கிடைப்பதில்லை என்பதே அதற்கான முதலாவது விடையாகும். ஜியோசிட்டீஸ் இணையத்தள சேவையை யாஹு நிறுவனம் 2009 ஆம் ஆண்டு ஒக்டோபரில் மூடியது. கூகிள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. யாஹு குழுமங்கள் 2020 டிசெம்பரில் முடிவுக்கு வந்தன. தமிழில் இணையம் வளர்ந்த ஆரம்ப ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றுள் கணிசமான பகுதி இவ்வாறான இடங்களிலேயே இருந்தது. முன்கூட்டியே அறிவித்தல் வழங்கப்பட்டபோதிலும், உரியவர்கள் அதனைக் கவனியாதுவிட்டமையால் அழிந்துபோனவை பல.

இரண்டாவது விடை செலவு பற்றியது. வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் செலுத்தும் மாதக் கட்டணம் டொலரிலேயே கணிக்கப்படுகிறது. 2022 ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி வீழ்ச்சியடைந்தபோது, சில வாரங்களுக்குள் அந்தக் கட்டணம் எவ்வாறு உயர்ந்தது என்பதைச் சிறு நிறுவனங்கள் மறந்திருக்க மாட்டா.

மறுபுறத்தில், சொந்தச் சேவையகத்தை அமைப்பது முன்னரைப்போலக் கடினமானதன்று. 2012 இல் அறிமுகமான ராஸ்பெரி பை எனும் உள்ளங்கை அளவுக் கணினியோ, அலுவலகத்தில் ஒதுக்கப்பட்ட பழைய கணினியோ அதற்குப் போதுமானது. லினக்ஸ் இயங்குதளமும், கோப்புகளைப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுட் போன்ற திறந்த மூல மென்பொருட்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. எனவே அமைப்பது இலகு; அமைத்ததைப் பேணுவதே சவால். அந்தச் சவாலை அனுபவத்தில் கண்ட ஒரு நிகழ்வை இங்கு குறிப்பிட வேண்டும்.

ஒரு வாசிகசாலையின் கதை

வடபகுதியில் நான் அங்கம் வகிக்கும் சனசமூக நிலையமொன்றின் வாசிகசாலைக்கு, கணினி கற்ற இளைஞர் ஒருவர் இத்தகைய சிறு சேவையகத்தை இலவசமாக அமைத்துத் தந்தார். நூற்பட்டியலும், வருடி மூலம் பிரதி செய்யப்பட்ட பழைய சஞ்சிகைகளும் அதில் இருந்தன. நாள்தோறும் இரவில் தரவு முழுவதும் ஒரு வெளி வன்தட்டில் தானாகவே பிரதி செய்யப்பட்டது. நாங்கள் நிம்மதியாக இருந்தோம். இரண்டு ஆண்டுகளின் பின்னர், இந்நாட்டின் இளைஞர்கள் பலரைப் போன்று அவரும் வெளிநாடு சென்றுவிட்டார்.

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு அமுலில் இருந்த காலம் அது. உரிய முறையில் நிறுத்தப்படாமல் அடிக்கடி மின்சாரம் துண்டிக்கப்பட்டதால், சேவையகத்தின் நினைவக அட்டை பழுதடைந்தது. வன்தட்டுக்குச் சேதமில்லை, அதிலிருந்த தரவுக்கும் சேதமில்லை. புதிய அட்டையொன்றை வாங்கி, மென்பொருளைத் தரவிறக்கி, தரவை அதில் ஏற்றினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்றே எண்ணினோம். மூன்று வாரங்கள் சென்றன.

தரவுத்தளத்தின் கடவுச்சொல் எவருக்கும் தெரியவில்லை. சஞ்சிகைகளைப் பதிவேற்ற முயன்றபோது, அவற்றின் அளவு அதிகம் என மென்பொருள் மறுத்தது. இயல்பாக 2 மெகாபைட் என்றிருக்கும் எல்லையை அந்த இளைஞர் உயர்த்தி வைத்திருந்தார் என்பதையும், அது எந்தக் கோப்பில் உள்ளது என்பதையும் கண்டறிய இரண்டு நாட்களாயின. எல்லாவற்றுக்கும் மேலாக, நூற்பட்டியலைத் திறந்தபோது தமிழ்த் தலைப்புகள் அனைத்தும் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தன. தரவு அழிந்துவிட்டது என்றே அனைவரும் முடிவுசெய்தோம்.

உண்மையில் தரவு அழியவில்லை. மென்பொருளுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான தொடர்பு யூனிகோட் முறையில் அமைய வேண்டும் எனக் கூறும் ஒரேயொரு வரி விடுபட்டிருந்தது. அந்த வரி இல்லாதபோது, அந்தப் பழைய மென்பொருள் ஐரோப்பிய எழுத்துகளுக்கான முறையைத் தெரிவுசெய்கிறது. அதில் தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லை. எனவே ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகிறது. இதனை அறியாத அங்கத்தவர் ஒருவர் சில பதிவுகளைத் திறந்து திருத்திச் சேமித்தார். அப்போது உண்மையாகவே கேள்விக்குறிகள் தரவுத்தளத்தில் எழுதப்பட்டன. தலைப்புகள் சில நிரந்தரமாகத் தொலைந்திருக்கும்; வன்தட்டிலிருந்த பிரதியை எவரும் தொடாதிருந்தமையால் அவை தப்பின.

வெளிநாட்டிலிருந்த அந்த இளைஞர், வேலை முடிந்து வந்த ஓர் இரவில் தொலைபேசியில் பேசி அந்த வரியைக் கூறினார். "ஐயா, எல்லாவற்றையும் பிரதி எடுக்க ஒழுங்கு செய்தேன். ஆனால், நான் செய்த மாற்றங்களை எங்கும் எழுதி வைக்கவில்லை" என அவர் வருந்தினார். தவறு அவருடையது மாத்திரமன்று. அவர் புறப்படும்போது, எதனையும் கேட்டு வாங்கிக்கொள்ளாத எங்களுடையதும்தான்.

கதை அத்துடன் முடியவில்லை. மூன்று மாதங்களின் பின்னர் ஒரு நாள் காலையில், தளம் பாதுகாப்பற்றது என உலாவிகள் எச்சரிக்கத் தொடங்கின. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாக வழங்கும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் 90 நாட்களுக்கு மேல் செல்லுபடியாவதில்லை. அவற்றைத் தானாகப் புதுப்பிக்கும் கட்டளையும் பழைய அட்டையுடன் போய்விட்டிருந்தது. ஓர் அமைவு தொலைந்ததை, அது தேவைப்படும் நாள் வரை எவரும் உணர்வதில்லை என்பதற்கு இதுவே சான்று.

செய்ய வேண்டியவை

முதலாவது பணி, எவை எங்கே இருக்கின்றன என்பதைப் பட்டியலிடுவதாகும். லினக்ஸ் கணினியில் பொது அமைவுகள் பெரும்பாலும் 'இ.ரீ.சி.' எனும் கோப்புறையிலும், தனிப்பட்ட பாவனையாளரின் அமைவுகள் அவருடைய இல்லக் கோப்புறையில் புள்ளியிட்ட பெயர்களிலும் உள்ளன. அவற்றோடு, குறித்த நேரத்தில் தானாக இயங்கும் கட்டளைகளின் பட்டியலையும் சேர்க்க வேண்டும். கணினிக்கு வெளியே உள்ளவற்றை மறத்தலாகாது. இணையத் தொடர்பை வழங்கும் ரவுட்டரின் அமைவுகள், இணையப் பெயர் எவர் பெயரில் பதிவாகியுள்ளது, அது எப்போது புதுப்பிக்கப்பட வேண்டும் என்பன எந்தக் கோப்பிலும் இருப்பதில்லை. அவற்றைக் கைப்படவே எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவதாக, மாற்றங்களின் வரலாற்றைப் பேண வேண்டும். பல தசாப்தங்களாக மென்பொருளாளர்கள் இதற்கெனத் தனியான கருவிகளைப் பயன்படுத்தி வருகின்றனர். அவற்றுள் இன்று பரவலாக வழக்கிலுள்ளது கிட் எனும் கருவியாகும். லினக்ஸ் கருநிரல் உருவாக்கத்தில் அதுவரை பயன்பட்ட கருவியின் இலவச அனுமதி மீளப்பெறப்பட்டபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதனை உருவாக்கினார். எந்தக் கோப்பில், எந்த வரி, எவரால், எப்போது மாற்றப்பட்டது என்பதை இது பதிவுசெய்கிறது. பிழை நேர்ந்தால் முன்னைய நிலைக்குத் திரும்பலாம். இதனைப் பயன்படுத்த இணையமோ வெளிநாட்டு நிறுவனத்தின் கணக்கோ அவசியமில்லை. முழு வரலாறும் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும்.

பலர் பின்பற்றும் எளிய முறை இதுவாகும். அமைவுக் கோப்புகள் யாவற்றையும் ஒரே கோப்புறையில் சேகரித்து, அதனைக் கிட் மூலம் பேணுவர். மென்பொருள் தேடும் இடத்தில் உண்மையான கோப்புக்குப் பதிலாக, அந்தக் கோப்புறையைச் சுட்டும் இணைப்பை மட்டும் வைப்பர். புதிய கணினி கிடைக்கும்போது, கோப்புறையைப் பிரதிசெய்து இணைப்புகளை உருவாக்கினால் பழகிய சூழல் சில நிமிடங்களில் திரும்பிவிடும்.

என்ன மாற்றப்பட்டது என்பதைக் கருவியே கூறும். ஏன் மாற்றப்பட்டது என்பதை மனிதரே எழுத வேண்டும். "பதிவேற்ற எல்லை 64 மெகாபைட் ஆக்கப்பட்டது" என்பது போதாது. "பழைய சஞ்சிகைகளின் கோப்புகள் 50 மெகாபைட் வரை இருப்பதால்" என்ற காரணமும் வேண்டும். அமைவுக் கோப்புகளில் குறிப்புகளுக்கென ஒதுக்கப்பட்ட வரிகளில் தமிழிலேயே எழுதலாம். பின்னர் வருபவர் அந்த வரியை நீக்கலாமா, வைத்திருக்கலாமா என்பதை அந்தக் காரணத்தைக் கொண்டே தீர்மானிப்பார்.

கடவுச்சொற்கள்: தனியே ஒரு பெட்டகம்

மூன்றாவது விடயம் மிகுந்த கவனத்துக்குரியது. அமைவுக் கோப்புகளில் கடவுச்சொற்களும் இரகசியத் திறவிகளும் கலந்திருப்பது வழக்கம். அவற்றை அப்படியே கிட் களஞ்சியத்தில் சேர்ப்பது ஆபத்தானது. 2016 ஆம் ஆண்டில் ஊபர் நிறுவனத்துக்கு நேர்ந்தது இதற்குச் சான்றாகும். அதன் பொறியியலாளர்கள் பயன்படுத்திய தனிப்பட்ட களஞ்சியமொன்றுள் நுழைந்தவர்கள், அங்கிருந்த திறவியைக் கொண்டு, 5 கோடியே 70 இலட்சம் வாடிக்கையாளர்கள் மற்றும் சாரதிகளின் தகவல்களைக் கைப்பற்றினர். நிறுவனம் அதனை 2017 நவம்பரிலேயே பகிரங்கப்படுத்தியது.

கிட் எதனையும் மறப்பதில்லை என்பதே அதன் சிறப்பு. இங்கு அதுவே ஆபத்தாகிறது. இன்று சேர்த்த கடவுச்சொல்லை நாளை அழித்தாலும், அது வரலாற்றில் தொடர்ந்து இருக்கும். அவ்வாறு நேர்ந்துவிட்டால், அழிப்பதில் காலத்தைச் செலவிடாது, உடனடியாக அந்தக் கடவுச்சொல்லையே மாற்றிவிட வேண்டும். இரகசியங்கள் ஒரு தனிக் கோப்பில் இருக்கட்டும். அக்கோப்பைக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டாம் எனக் கிட் கருவிக்குக் கூற முடியும். களஞ்சியத்தில் அதன் மாதிரி வடிவம், மதிப்புகள் வெற்றாக விடப்பட்ட நிலையில், இருந்தால் போதும். சிறு நிறுவனமெனின், முதன்மைக் கடவுச்சொற்களைக் காகிதத்தில் எழுதி, முத்திரையிட்ட உறையில் இரு பொறுப்பாளர்களிடம் ஒப்படைப்பதில் தவறேதுமில்லை. வாசிகசாலையின் சாவியை எவ்வாறு பேணுகிறோமோ, அவ்வாறே இதனையும் பேணலாம்.

கட்டளைகளா, விளைவா?

நான்காவதாக, அமைக்கும் முறையையே எழுத்தில் வடிக்கலாம். நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பேர்ஜஸ் 1993 இல் உருவாக்கிய சி.எவ். என்ஜின் இத்துறையில் முன்னோடியாகும். 2012 இல் வெளிவந்த அன்சிபிள் இன்று சிறு அமைப்புகளாலும் பயன்படுத்தப்படுகிறது. இவற்றின் அடிப்படைக் கருத்து எளியது. "இந்த வரியைச் சேர்" எனக் கட்டளையிடுவதற்குப் பதிலாக, "இந்தக் கோப்பில் இந்த வரி இருக்க வேண்டும்" என விரும்பும் விளைவை எழுதுகிறோம். ஏற்கனவே இருந்தால் கருவி எதுவும் செய்யாது, இல்லையெனில் சேர்த்துவிடும். ஆகவே அதனை ஒரு தடவை இயக்கினாலும் பத்துத் தடவைகள் இயக்கினாலும் பெறுபேறு ஒன்றே. 2013 இல் அறிமுகமான டொக்கர், மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைக்கூறுகளையும் ஒரே பொதியாக்கி, எந்தெந்தப் பொதிகள் எவ்வாறு இயங்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதிவைக்க இடமளிக்கிறது.

எனினும், ஒரேயொரு சேவையகம் உள்ள இடத்துக்கு இக்கருவிகள் கட்டாயமானவை அல்ல. செய்த பணிகளை ஒழுங்குமுறையாக எழுதிய நான்கு பக்கக் குறிப்பும் அதே பயனைத் தரும். ஆனால், ஒரு விதியை மாத்திரம் மீறலாகாது. அவசரத்தில் சேவையகத்தில் நேரடியாகச் செய்யப்படும் எந்த மாற்றமும் அன்றைய தினமே குறிப்பிலும் களஞ்சியத்திலும் இடம்பெற வேண்டும். "பிறகு எழுதலாம்" என விடப்பட்டவையே எங்கள் வாசிகசாலையை மூன்று வாரங்கள் மூடிவைத்தன.

பிரதி எடுப்பதும் மீட்டுப் பார்ப்பதும்

ஐந்தாவது, காப்புப் பிரதிகள். மூன்று பிரதிகள், இரு வேறு வகையான சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதியாகும். வேறோர் இடம் என்பதன் அவசியத்தைத் தென்கொரியா 2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் 26 ஆம் திகதி உணர்ந்தது. அன்று டேஜொன் நகரிலிருந்த அரச தரவு மையத்தில் ஏற்பட்ட தீயில், அரச ஊழியர்களின் கோப்புகளைக் கொண்ட 858 டெராபைட் தரவு அழிந்தது. அதற்கு வெளியிடத்தில் பிரதி இருக்கவில்லை.

நம் நாட்டின் அனுபவமும் கசப்பானதே. 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமைக் கட்டமைப்பு கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. அரச மின்னஞ்சலைப் பயன்படுத்திய சுமார் 5,000 கணக்குகளில், அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துத் தரவு மீட்கப்பட முடியாது போயிற்று. இணையத்துடன் தொடர்பிலிருந்த பிரதியும் தாக்கப்பட்டது. அக்காலப் பகுதிக்கு, தொடர்பற்ற நிலையில் வைக்கப்பட்ட பிரதி இருக்கவில்லை. மின்னஞ்சல் மென்பொருளும் காலாவதியான பழைய பதிப்பாகவே இருந்தது. சேவையகத்துடன் எந்நேரமும் இணைக்கப்பட்டிருக்கும் வன்தட்டு, சேவையகத்துக்கு நேரும் கதியையே தானும் அடையும் என்பதே இதன் பாடம். வாரத்துக்கு ஒருமுறையாவது பிரதி எடுத்துக் கழற்றி, வேறொரு வீட்டில் வைக்கப்படும் வன்தட்டு ஒன்று அவசியம்.

பிரதி இருக்கிறது என்ற நம்பிக்கையும் போதாது. 2017 ஜனவரி 31 ஆம் திகதி கிட்லாப் எனும் சேவையின் ஊழியர் ஒருவர், களைப்புற்ற வேளையில் தவறான சேவையகத்தில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட் தரவு நொடிகளில் மறைந்தது. காப்புக்கென வெவ்வேறு ஏற்பாடுகள் பல இருந்தபோதிலும், அவை தேவையான வேளையில் கைகொடுக்கவில்லை. தரவுத்தளப் பிரதி எடுக்கும் கருவி, பதிப்பு வேறுபாட்டினால் நெடுநாட்களாகத் தோல்வியடைந்திருந்தது. அந்தத் தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் மின்னஞ்சல் அமைவின் குறைபாட்டினால் எவரையும் சென்றடையவில்லை. அதாவது, காப்புப் பிரதிகளைக் காத்திருக்க வேண்டியதும் ஓர் அமைவே. தற்செயலாக ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் எடுக்கப்பட்டிருந்த பிரதியொன்று அந்த நிறுவனத்தைக் காப்பாற்றியது. நடந்ததை ஒளிவுமறைவின்றி அந்நிறுவனம் வெளியிட்டமை பாராட்டுக்குரியது.

ஆகவே, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மீட்புப் பயிற்சியொன்றை நடத்த வேண்டும். பழைய கணினியொன்றை எடுத்து, எழுதிவைத்த குறிப்புகளையும் காப்புப் பிரதியையும் மாத்திரம் கொண்டு, சேவையகத்தை முதலிலிருந்து அமைத்துப் பார்க்க வேண்டும். அதனைச் செய்பவர் முதலில் அமைத்தவராக இருத்தலாகாது. அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அங்கே குறிப்பில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

அனைவருக்கும் உகந்ததா?

சொந்தச் சேவையகம் அனைவருக்கும் ஏற்றது எனக் கூறுவது நேர்மையாகாது. மென்பொருளை ஒழுங்காக இற்றைப்படுத்த நேரமில்லாதவர்களுக்கும், மின்சாரம் நின்றதும் கணினியை முறையாக நிறுத்தும் யூ.பி.எஸ். சாதனத்தை வாங்க வசதியற்றவர்களுக்கும் அது சுமையாகவே அமையும். சொந்தமாக மின்னஞ்சல் சேவையகம் நடத்துவது அனுபவசாலிகளுக்கே கடினமானது. புதிதாகத் தோன்றும் சேவையகங்களின் அஞ்சல்களைப் பெரிய நிறுவனங்கள் குப்பையெனக் கருதி ஒதுக்கிவிடுவதுண்டு. அத்துடன், அங்கத்தவர்களின் பெயர், முகவரி போன்றவற்றை வைத்திருப்போர், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் நிறைவேற்றப்பட்டிருப்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். குறைந்தது இருவரேனும் முறைமையை அறிந்திருக்காத இடத்தில் சேவையகம் அமைக்காதிருப்பதே மேலானது.

ஆனால், அமைவுகளை எழுதிப் பேணும் பழக்கம் சேவையகம் இல்லாதவர்களுக்கும் உரியது. தமிழ் விசைப்பலகையின் அமைப்பு, அலுவலக மடல்களின் மாதிரிகள், உலாவியில் சேமித்த முகவரிகள் என நாள்தோறும் பயன்படும் சிறு அமைவுகள் எவருடைய கணினியிலும் உண்டு. அவற்றை ஒரு கோப்புறையில் சேர்த்து வைப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

நம் சமூகத்தில் பாடசாலைகளுக்கும் சங்கங்களுக்கும் கணினி வசதிகளை அமைத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்களே. அவர்கள் மேற்படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் புறப்பட்டுச் செல்வதை எவரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால், செல்பவரிடம் வாழ்த்துடன் கூடவே ஒரு கொப்பியையும் கேட்டுப் பெறுவது நிர்வாகிகளின் கடமையாகும். எங்கள் வாசிகசாலையின் இரும்பு அலுமாரியில் இப்போது அத்தகைய கொப்பி ஒன்று இருக்கிறது. அதன் முதற்பக்கத்தில், மூன்று வாரங்கள் தேடி அலைந்த அந்த ஒற்றை வரி எழுதப்பட்டுள்ளது. கடந்த மீட்புப் பயிற்சியின்போது, உயர்தரம் கற்கும் மாணவி ஒருவர் அக்கொப்பியை மாத்திரம் பார்த்து, ஒரே பிற்பகலில் சேவையகத்தை இயங்கச் செய்தார். நூற்பட்டியல் தமிழிலேயே திறந்தது.